தொழில் செய்த பெண்களின் கதைகள்: ஓர் ஒலிநூல் சந்தா பற்றி

மாதச் சந்தா கட்டி வாசிக்கும் செயலி ஒன்றில், வழக்கமாகப் பெண்கள் பார்க்காத வேலைகளைப் பார்த்த பெண்களைப் பற்றிய வரலாற்று நாவல்களுக்கென்றே தனியாக ஓர் அடுக்கு வைத்திருக்கிறார்கள். கலங்கரை விளக்கம் காத்தவள், பாறையிலிருந்து புதைபடிவம் பெயர்த்தவள், போர் விமானத்தில் குண்டு மாட்டியவள், வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தட்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள் என்று வகைவகையாக இருக்கிறது. பெரும்பாலானவை மின்னூலாகவும் ஒலிநூலாகவும் கிடைக்கின்றன. இந்த ஓர் அடுக்குக்காகத்தான் நான் சந்தா கட்டினேன். கேட்டும் வாசித்தும் ஓரளவு முடித்துவிட்ட நிலையில் சொல்கிறேன்: கட்டிய பணத்துக்குப் பழுதில்லை. ஆனால் அடுக்கில் இருப்பதெல்லாம் ஒரே தரமில்லை. முதலில் கையில் கிடைத்ததை எடுத்தால் மனம் சலித்து நிறுத்திவிடுவீர்கள். எதைப் பார்த்து எடுப்பது, எதை விடுவது, செயலிக்காரர்கள் எதைத் திருத்த வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

நான் அச்சுக்கு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்த காலத்துக் கம்பாசிட்டர். எழுத்துக் கோக்கும் வேலை போன பிறகு மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு வந்தேன். இன்றும் அதுதான் செய்கிறேன். பகல் முழுக்கக் கண்ணுக்கு வேலை இருப்பதால் இரவில் காதால்தான் வாசிப்பு. அதனால் இந்த வகை நாவலை எடுக்கும்போது எனக்கு ஒரு கேள்வி முந்திக்கொண்டு வரும். இந்தப் பெண் காலையில் வேலைக்கு வந்ததும் கையில் முதலில் எதை எடுத்தாள்? இதற்குப் பதில் முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களுக்குள் கிடைத்துவிட்டால் மிச்சக் கதையை நம்பிக் கேட்பேன். கிடைக்காவிட்டால், கதாநாயகிக்கு அந்தத் தொழில் ஓர் உடுப்பு மாதிரி மாட்டிவிடப்பட்டிருக்கிறது என்று புரிந்துவிடும். உடுப்பை மாற்றி அவளைச் சமையல்காரியாக்கினாலும் மகாராணியாக்கினாலும் கதை அப்படியே ஓடும்.

அடுக்கில் எனக்கு மிக நெருக்கமானது ஓர் அச்சகத்து நாவல். லண்டனில் 1860ஆம் ஆண்டு எமிலி ஃபெயித்ஃபுல் தொடங்கிய விக்டோரியா பிரஸ்தான் களம். எழுத்துக் கோக்கும் வேலையில் பெண்களை அமர்த்துவதற்கென்றே தொடங்கப்பட்ட அச்சகம் அது. ஆண் தொழிலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் செய்த வேலைகளை ஃபெயித்ஃபுல்லே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். பெண்கள் உட்காரும் முக்காலிகளில் உடை பாழாகும்படி மை பூசி வைத்தார்கள். எழுத்து வைக்கும் பெட்டியான கேஸின் சிற்றறைகளிலிருந்த எழுத்துகளைக் கலந்துவிட்டார்கள். சில எழுத்துகளை அறையிலிருந்தே காலி செய்துவிட்டார்கள். நாவலாசிரியர் இந்த மூன்றில் மையை ஒரே வரியில் தாண்டிப் போகிறார். எழுத்துகள் கலக்கப்பட்ட காலைக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கிறார். அந்த முடிவிலேயே இவர் அச்சகத்துக்குள் போய் நின்று பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏனென்றால் மை உடுப்போடு போகும். எழுத்தைக் கலந்துவிட்டால் கையே போய்விடும். கோப்பவர் எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக்கை இடது கையில் பிடித்திருப்பார். கண் கோக்க வேண்டிய கையெழுத்துப் படியின் மேல் இருக்கும். வலது கை தன் பாட்டுக்குக் கேஸுக்குப் போய், வேண்டிய அறையிலிருந்து வேண்டிய எழுத்தை எடுத்து வரும். எழுத்தின் தண்டில் ஒரு பக்கம் மட்டும் ஒரு சிறு காடி வெட்டியிருக்கும். விரல் அதைத் தொட்டதுமே எழுத்து நிமிர்ந்திருக்கிறதா புரண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. இந்தப் பழக்கம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அறைகளைக் கலந்துவிட்டால் ஒவ்வோர் எழுத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, கவிழ்ந்து கிடக்கும் உருவத்தைக் கண்ணால் படித்து, பிறகுதான் ஸ்டிக்கில் வைக்க முடியும். கோத்த அளவுக்குக் கூலி என்றால், அன்றைய கூலி அவ்வளவுதான். நாவலில் அந்தப் பெண், பெயர் ஹன்னா, முதல் வரியை முடித்துவிட்டுத் தடவிப் பார்க்கிறாள். விரலுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. மெய்ப்பு எடுத்துப் பார்த்தால் வரி முழுக்கக் குப்பை. அவள் அழவில்லை, யாரையும் போய்க் கேட்கவில்லை. கேஸை அப்படியே மேசையில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, பக்கத்தில் கோக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அறை அறையாகப் பிரித்துப் போட ஆரம்பிக்கிறார்கள். மத்தியானம் வரை பிரிக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் வசனம் மிகக் குறைவு. ஈயம் மரத்தில் விழும் சத்தத்தை மட்டும் ஆசிரியர் இடையிடையே எழுதுகிறார். நான் அந்த அத்தியாயத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

இதே நாவலில் ஒரு குறையும் உண்டு. அச்சாகி முடிந்த பக்கத்தைக் கழுவி, எழுத்துகளைப் பிரித்து, மறுபடி அறைகளில் போடும் வேலை கதையில் வேறெங்குமே வருவதில்லை. கோப்பதற்குப் பேர் கிடைக்கும்; பிரித்துப் போடுவதை யாரும் பார்க்க மாட்டார்கள்; ஆனால் அதைச் செய்யாவிட்டால் மறுநாள் கோக்க எழுத்து இருக்காது. கலகக்காரர்கள் கலந்துவிட்ட அன்று மட்டும்தான் எழுத்து பிரிக்கப்படுகிறது என்பதுபோல் கதை போகிறது. அச்சகம் தெரியாத வாசகருக்கு இது உறுத்தாது. எனக்கு உறுத்தியது. அதற்காக நட்சத்திரத்தைக் குறைக்கவில்லை.

கலங்கரை விளக்க நாவல் இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் நியூபோர்ட் துறைமுகத்து லைம் ராக் விளக்கைக் காத்த ஐடா லூயிஸின் வாழ்க்கையைத் தழுவியது என்று அறிமுகக் குறிப்பில் சொல்கிறார்கள். ஐடாவின் வாழ்க்கையைவிட நல்ல கதைப்பொருள் கிடைப்பது அரிது. விளக்குக் காவலரான தந்தை பக்கவாதத்தில் விழுகிறார். தாயும் மகளும் விளக்கைப் பார்த்துக்கொள்கிறார்கள். மகள் துடுப்புப் படகில் போய்க் கடலில் தத்தளிப்பவர்களைத் தூக்கி வருகிறாள்; பத்திரிகைகள் எழுதுகின்றன; 1869ஆம் ஆண்டு ஜனாதிபதி கிராண்ட் வந்து பார்க்கிறார். ஆனால் அதிகாரபூர்வமாகக் காவலர் என்ற பதவி அவள் பெயருக்கு வந்தது 1879இல்தான். அதுவரை வேலை அவளுடையது, பதவி தந்தைக்கும் பிறகு தாய்க்கும்.

நாவலாசிரியருக்கு இதில் புயலும் படகும் மட்டுமே கண்ணில் பட்டிருக்கின்றன. புயல் காட்சிகள் விறுவிறுப்பாகத்தான் இருக்கின்றன. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு விளக்குக் காவலரின் வாழ்க்கையில் புயலில் படகு விடும் இரவுகள் எத்தனை இருக்கும்? மற்ற இரவுகளிலெல்லாம் அந்தி சாயும்போது எண்ணெய் ஊற்றி ஏற்ற வேண்டும். நள்ளிரவில் எழுந்து மறுபடி ஊற்ற வேண்டும். திரியைக் கத்தரிக்க வேண்டும். கண்ணாடியில் படிந்த கரியைத் துடைக்க வேண்டும். விடிந்ததும் அணைக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் எங்கோ ஒரு கப்பல் பாறையில் ஏறும். இத்தனை வருஷமும் அந்தப் பெண்ணால் ஓர் இரவுகூட முழுத் தூக்கம் தூங்க முடியாது. இது நாவலில் ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியும் கதாநாயகி சன்னல் வழியாகக் கடலைப் பார்த்து ஏங்குவதில் முடிகிறது. வாசித்தவரின் குரல் நல்ல குரல், நிதானமான குரல், கடற்காற்றில் சற்றுக் கரகரத்த மாதிரி. அந்தக் குரலுக்காகக் கடைசிவரை கேட்டேன்.

வீரச்செயல் இல்லாமல் வேலையைக் காட்டியே கட்டிப்போட முடியும் என்பதற்கு அதே அடுக்கில் சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியனின் 588ஆவது இரவுக் குண்டுவீச்சு ரெஜிமெண்ட் முழுக்கப் பெண்களால் ஆனது. மரீனா ரஸ்கோவா முயன்று உருவாக்கிய மூன்று பெண் படைப்பிரிவுகளில் ஒன்று. விமானிகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மானியர்கள் வைத்த 'இரவுச் சூனியக்காரிகள்' என்ற பெயரும் எல்லோருக்கும் தெரியும். இந்த நாவல் விமானத்தில் ஏறவே இல்லை. தரையில் நிற்கும் ஆயுதப் பிரிவுப் பெண் ஒருத்தியின் பார்வையில் போகிறது. அந்தப் படை ஓட்டிய போ-2 என்பது மரமும் துணியும் கொண்ட இரட்டைச் சிறகு விமானம். பயிற்சிக்கும் பயிருக்கு மருந்தடிக்கவும் பயன்பட்டது. ஒரு தடவையில் சில குண்டுகளைத்தான் தூக்க முடியும். அதனால் ஒரே இரவில் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். ஒவ்வொரு தடவை விமானம் இறங்கும்போதும் தரையில் இருப்பவர்கள் எண்ணெய் நிரப்பி, இருட்டிலேயே குண்டுகளைச் சுமந்து வந்து, சேற்றில் மண்டியிட்டு, சிறகுக்கு அடியில் மாட்ட வேண்டும். சில நிமிஷங்களுக்குள் முடிக்க வேண்டும். குளிர்காலத்தில் கையுறையோடு திருகு பிடிபடாது. கழற்றினால் உலோகம் தோலைப் பிடித்துக்கொள்ளும்.

நாவலின் பெரும்பகுதி அந்த நிமிஷங்கள்தான். விமானம் போகிறது. சத்தம் தேய்கிறது. எண்ணுகிறார்கள். வருகிறது, மாட்டுகிறார்கள், போகிறது. ஓர் இரவு ஒன்று திரும்பி வரவில்லை. அடுத்தது வந்து இறங்கிவிட்டதால் யாருக்கும் நின்று பார்க்க நேரமில்லை; மண்டியிட்டு அதற்கு மாட்டுகிறார்கள். யாருடைய விமானம் என்று விடிந்த பிறகுதான் பேச்சு வருகிறது. 1944 வரை இவர்களிடம் பாராசூட் இல்லை என்பது எல்லாக் கட்டுரைகளிலும் வரும் தகவல். இங்கே அது தகவலாக வராமல், பாராசூட் வந்து சேர்ந்த அன்று அதன் எடைக்கு எதைக் குறைப்பது என்று விமானியும் ஆயுதக்காரியும் போடும் சண்டையாக வருகிறது. இதைத்தான் நான் எல்லா நாவலாசிரியர்களிடமும் எதிர்பார்க்கிறேன். தெரிந்துகொண்ட விஷயத்தை வேலைக்குள் வைத்துச் சொல்ல வேண்டும்.

அடுக்கில் ஆண்வேடக் கதைகள் அளவுக்கு மீறி இருக்கின்றன. கப்பல் மாலுமியாக, சிப்பாயாக, மருத்துவராக, மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போன பெண்கள். இவர்கள் உண்மையில் இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. பிரான்சின் ஜான் பாரே தாவரவியலாளர் கொமெர்சனின் உதவியாளாக ஆண் உடையில் கப்பல் தலைவர் புகைன்வில்லின் கடற்பயணத்தில் சேர்ந்து, உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். அவரைப் பற்றிய நாவல் இந்த அடுக்கில் இருக்கிறது, மோசமில்லை. செடிகளைத் தாள்களுக்கு இடையில் வைத்து அழுத்திக் காயவைக்கும் காட்சிகள் நன்றாக வந்திருக்கின்றன. கப்பலின் ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்கும், தினமும் மாற்ற வேண்டும், மாற்றக் காய்ந்த தாள் வேண்டும், அதை எங்கே காயவைப்பது என்று அந்தப் பெண் படும் பாடு கண்ணில் நிற்கிறது. கொமெர்சனுக்குக் கால் நோவு. மலையேறிச் சுமந்து வந்தது பாரே. செடிகளுக்குப் பேர் வைத்தது கொமெர்சன்.

ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வேடக்கதைகளையே கேட்டுக்கொண்டிருந்தால், பெண் ஒருத்தி ஆண் வேலைக்குள் போக வேடம் போட்டால்தான் உண்டு என்ற எண்ணம் வந்துவிடும். பழைய காலத்துத் தொழில்களில் அவ்வளவு வேடமும் தேவைப்படவில்லை. கணவன் செத்தால் பட்டறை மனைவிக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஷார்லோத் கியார் இரண்டு கணவர்களை இழந்த பிறகு அவர்களுடைய அச்சகத்தைத் தன் பெயரிலேயே நடத்தினார். 1557இல் இறக்கும்வரை ஆதிக் கிறிஸ்தவ அறிஞர்களான திருச்சபைத் தந்தையர்களின் நூல்களையும் சட்ட நூல்களையும் அச்சிட்டார். பால்டிமோரில் மேரி கேத்தரின் காடர்ட் சகோதரனின் அச்சகத்தை நடத்தினார்; அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு முதல்முறையாக அச்சேறியது 1777 ஜனவரியில் அவர் கையால்தான். அவர் 1775 முதல் அந்நகரத் தபால் அதிகாரியாகவும் இருந்தார். 1789இல் பெண்ணால் அவ்வளவு பயணம் செய்ய முடியாது என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். ஊரில் 200க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தும் பலிக்கவில்லை. பதினான்கு வருஷம் எல்லோர் கண் முன்பாகவும் செய்த வேலையை ஒரு நாளில் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு இந்தக் கதை மார்புத்துணிக் கதைகளைவிட ஆழமாகப் படுகிறது. இப்படிப்பட்டவர்களைப் பற்றி அடுக்கில் ஒரு நாவல்கூட இல்லை. இது தேர்ந்தெடுப்பவர்களின் குறை.

ஹார்வர்ட் வானாய்வகத்துப் பெண்களைப் பற்றிய நாவலில் வேறு ஒரு பிரச்சினை. அங்கே எட்வர்ட் பிக்கரிங் ஓர் அறை நிறையப் பெண்களை அமர்த்தி, மணிக்கு 25 சென்ட் கூலியில், கண்ணாடித் தட்டுகளில் பதிந்த நட்சத்திரங்களை அளக்கவும் வகைபிரிக்கவும் வைத்தார். அவர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த வில்லியமினா ஃப்ளெமிங் பிற்பாடு அந்தப் பெண்களின் வேலையையே மேற்பார்வையிட்டார். ஆனி ஜம்ப் கேனன் லட்சக்கணக்கான நட்சத்திரங்களை வகைபிரித்தார். ஹென்ரியெட்டா லெவிட், ஒளி கூடிக் குறையும் ஒருவகை நட்சத்திரங்களின் கால அளவுக்கும் அவற்றின் ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை 1912இல் வெளியிட்டார். அதை வைத்துத்தான் மற்ற அண்டங்களின் தூரத்தை அளக்க முடிந்தது. இந்த நாவல் லெவிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லோரையும் வம்பு பேசும் கூட்டமாக்கிவிட்டது. அவர் ஒருவர்தான் அறிவாளி, சுற்றி இருப்பவர்கள் அவரைப் புரிந்துகொள்ளாதவர்கள். அந்த அறையின் பெருமையே அது ஓர் அறை என்பதுதான். ஒருத்தி அளந்ததை இன்னொருத்தி சரிபார்ப்பாள். ஒருத்தி எண்ணைச் சொல்ல இன்னொருத்தி எழுதுவாள். எங்கள் அச்சகத்திலும் அப்படித்தான்: ஒருவர் படியை உரக்கப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பார். ஒற்றை ஆளை மேதையாக்குவதற்காக உடன் உழைத்தவர்களைச் சிறுமைப்படுத்தும் கதையை நான் மன்னிப்பதில்லை. பாதியில் நிறுத்தினேன்.

இனி செயலியின் மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல். வரலாற்று நாவலின் முடிவில் ஆசிரியர் குறிப்பு என்று சில பக்கங்கள் இருக்கும். எது நடந்தது, எது கற்பனை, யார் உண்மையில் வாழ்ந்தவர், யாரை ஆசிரியர் படைத்தார் என்று அதில் சொல்வார்கள். மின்னூலில் அது இருக்கிறது. ஒலிநூலில் பலவற்றில் வெட்டிவிட்டார்கள். கதை முடிந்ததும் இசை வந்து அடுத்த நூலைப் பரிந்துரைக்கிறது.

இதனால் என்ன கெடுதல் என்பதற்கு மேரி ஆனிங் நாவலே போதும். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கரையோரப் பாறைகளில் புதைபடிவம் தோண்டி விற்று வயிறு வளர்த்த பெண். தச்சனின் மகள். 1811இல் சகோதரன் ஜோசப், இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனம் ஒன்றின் மண்டையோட்டைக் கண்டான். மிச்ச உடலைச் சிறுமி மேரி தேடி எடுத்தாள். 1823இல் ப்ளீசியோசார் என்ற இன்னொரு கடல் ஊர்வனத்தின் ஏறத்தாழ முழுமையான எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். அது போலியா என்று லண்டனில் நிபுணர்கள் விவாதித்தபோது அவரை யாரும் கூப்பிடவில்லை. லண்டன் புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919இல். ஆனிங் இறந்தது 1847இல். மழைக்கும் அலைக்கும் பிறகுதான் பாறை சரிந்து புதியது தெரியும் என்பதால் குளிர்காலமே அவருக்கு வேலைக்காலம். 1833இல் அப்படி ஒரு சரிவில் கூடவே திரிந்த நாய் புதைந்து செத்தது, அவர் மயிரிழையில் தப்பினார்.

நாவலில் இவை எல்லாமே இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. சுண்ணாம்புப் பாறையில் உளியை எந்தக் கோணத்தில் வைத்தால் எலும்பு உடையாமல் பாறை மட்டும் பெயரும் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். ஆனால் கதையின் நடு முதுகெலும்பாக ஒரு சீமான் வீட்டுப் புவியியலாளரோடு காதல் ஒன்று போகிறது. கடிதங்கள், சந்திப்புகள், பிரிவு. அதற்கு எந்தச் சான்றும் இல்லை, தானே புனைந்தது என்று மின்னூலின் ஆசிரியர் குறிப்பில் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். ஒலிநூலில் அந்தக் குறிப்பு இல்லை. கேட்டவர்கள் செயலியிலேயே எழுதியிருக்கும் கருத்துகளைப் பாருங்கள்: அந்தக் காதலுக்காகக் கண்ணீர் விட்டவர்கள்தான் அதிகம். வாழ்நாளெல்லாம் தான் கண்டெடுத்ததற்குத் தன் பேர் கிடைக்காமல் போன பெண்ணுக்கு, நடக்காத ஒரு காதல் மட்டும் பேரோடு ஒட்டிக்கொள்கிறது. இது சிறு விஷயம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பதிவு செய்து அனுப்பும் பதிப்பகம் தருவதைத்தான் நாங்கள் ஏற்றுகிறோம் என்று பணிவாகவே பதில் வந்தது. அப்படியானால் அந்த ஒலிநூலின் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பை எழுத்து வடிவிலாவது இணைக்கலாமே என்று மறுபடி எழுதியிருக்கிறேன்.

வேறு சில குறைகள் சிறியவை. தேடும் வசதியில் தொழிலின் பெயரைப் போட்டால் கிடைப்பதில்லை. சுரங்கம் என்று தேடினால் சுரங்க முதலாளியின் காதல் கதைகள்தான் வருகின்றன. அட்டைப்படங்களில் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறாள். கையில் கருவி இருக்கும் படம் அபூர்வம். மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பத்திப் பிரிவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மெய்ப்புப் பிழைகள் உண்டு, தாங்கக்கூடிய அளவு.

நிறைகளில் முதலாவது, சந்தா கட்டும் முன்பே எந்த நூலின் முதல் அத்தியாயத்தையும் முழுக்கக் கேட்கலாம். இதை அவசியம் பயன்படுத்துங்கள். குரலும் பிடிபடும், அந்தப் பெண் கையில் எதை எடுக்கிறாள் என்பதும் தெரியும். கேட்டுக்கொண்டே இருந்த இடத்திலிருந்து மின்னூலுக்கு மாறினால் அதே வரியில் திறக்கிறது. அது தடுமாறியதே இல்லை. வேகத்தைக் குறைத்தாலும் குரல் கெடாது. ஒரு நூலை எடுத்துப் பிடிக்காவிட்டால் உடனே திருப்பிக் கொடுத்து வேறு எடுக்கலாம்.

புதிதாக வருபவர்கள் விமானத்தில் குண்டு மாட்டும் பெண்களின் நாவலில் தொடங்குங்கள். அது பிடித்தால் அச்சகத்து நாவலுக்குப் போங்கள். ஆனிங் நாவலை மின்னூலாக எடுத்து, கடைசிக் குறிப்பை முதலில் வாசித்துவிட்டு உள்ளே செல்லுங்கள். இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சைக் கடிகார முகங்களில் தீட்டிய பெண்களின் கதையும் இருக்கிறது. தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்ததால் நோயில் விழுந்தவர்கள். 1928இல் நியூ ஜெர்சியில் ஐந்து பெண்களின் வழக்கு இழப்பீட்டில் முடிந்தது. நாவல் வழக்கைவிட அந்த மேசைக்கே அதிக இடம் கொடுக்கிறது: ஒரு நாளைக்கு எத்தனை முகங்கள், எந்த எண்ணில் கை நடுங்கும், எப்போது உதட்டுக்குப் போகும். அதை ஒரே மூச்சில் கேட்காதீர்கள், மனம் தாங்காது.

செயலியில் 'இது வேண்டும்' என்று வாசகர்கள் பதிவு செய்யும் பக்கம் ஒன்று இருக்கிறது. நான் மூன்று கேட்டிருக்கிறேன். தபால் நிலையத்தை இழந்த காடர்ட் பற்றி ஒன்று. 1842இல் பிரிட்டனில் பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கச் சட்டம் தடை போட்ட பிறகு, கூலியை இழந்து மேலே வந்து நிலக்கரியைச் சலித்துப் பொறுக்கிய பெண்களைப் பற்றி ஒன்று. 1932இல் ஜப்பானிய அதிகாரத்தை எதிர்த்துக் கூட்டமாகத் தெருவில் இறங்கிய கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் மூழ்கித் தொழில் செய்யும் பெண்களைப் பற்றி ஒன்று. மூச்சடக்கி ஆழத்துக்குப் போய்ச் சிப்பியும் கடற்பாசியும் கொண்டுவருபவர்கள், மேலே வந்ததும் விசில் போல் மூச்சு விடுவார்கள். உங்களுக்கும் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தில் போய்ப் பதியுங்கள். கேட்பவர்கள் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த பட்டியலை எடுக்கிறார்கள் என்று பதிலில் சொல்லியிருந்தார்கள்.